ஈரம் நிற்கும் காலம்: வன்னிக் காடுகளின் நீர்க்கணக்கு

வன்னிப் பெருநிலப்பரப்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1250 முதல் 1500 மில்லிமீற்றர் வரை மழை பெய்கிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரையான மாரிக்குள் கொட்டிவிடும். சித்திரையில் இடியோடு சில மழைகள் வந்து போகும். வைகாசியில் சோளகக் காற்று எழும்பினால், அது ஓயும்வரை நிலம் காய்ந்துகொண்டே இருக்கும். கனகராயனாறு, பேராறு, பாலியாறு எல்லாம் மழையாறுகள்; கடுங்கோடையில் அவற்றின் மணலைத் தோண்டினால்தான் தண்ணீர் காணலாம். நான்கைந்து மாதம் இப்படிக் காயும் நிலத்தில் இலையுதிர்த்து நிற்கும் காட்டையோ முட்பற்றையையோதான் எவரும் எதிர்பார்ப்பார். ஆனால் மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் நோக்கியோ நெடுங்கேணிப் பக்கமோ ஆடி, ஆவணி மாதங்களிற் போனால் கண்ணிற் படுவது பெரும்பாலும் பச்சைக் காடு. முதிரையும் கொன்றையும் இலை கொட்டியிருக்கலாம். பாலையும் வீரையும் கருங்காலியும் காயாவும் கொட்டுவதில்லை. பாலை தன் பழத்தைப் பழுக்க வைப்பதே இந்த வறட்சிக் காலத்தில்தான். வானம் தராத நீரை இந்த மரங்கள் எங்கிருந்து எடுக்கின்றன? காட்டின் வகையையும் உயரத்தையும் வளர்ச்சி வேகத்தையும் ஆண்டு மழையளவு தீர்மானிக்கிறது என்று பாடநூல்கள் சொல்லும் விதியை இந்தக் கேள்வி அசைக்கிறது. மழை பெய்து முடிந்த பின் அந்த நீர் எந்த ஆழத்தில், எத்தனை மாதம் மரத்தின் வேருக்கு எட்டும்படி நிற்கிறது என்பதே வன்னியில் காட்டைத் தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். அந்த நீரின் இருப்பிடத்தை இயற்கை மட்டும் வகுக்கவில்லை, இரண்டாயிரம் ஆண்டுக் குளக்கட்டு வேலையும் சேர்ந்தே வகுத்தது என்பது அதன் மறுபாதி.

மழையளவு சொல்லாதவை

இலங்கையின் தாவரப் பரம்பலைக் காலநிலையோடு இணைத்துப் பார்த்த முதன்மையான முயற்சிகளில் ஒன்று புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் வரைபடம். கொசன், லெக்றிஸ் முதலியோர் 1960களின் நடுப்பகுதியில் அதை வெளியிட்டார்கள். ஆண்டு மழையை மட்டும் பாராமல், வறண்ட மாதங்கள் எத்தனை என்பதையும் அவர்கள் கணக்கில் எடுத்தார்கள். வறட்சி கூடிய வடமேற்குக் கரையில் பாலையும் முதிரையும் முன்னிற்கும் தொகுதி, சற்று ஈரம் கூடிய உள்நாட்டில் முதிரையோடு சாவண்டலையும் பிறவும் சேரும் தொகுதி என்று அவர்கள் பிரித்தது, இன்றும் உலர் வலயக் காடுகளைப் பற்றிய பேச்சுக்கு அடிப்படையாக இருக்கிறது. 1968இல் மியூலர் டொம்போயிஸ் இலங்கையின் காலநிலை வரைபடத்தைத் தாவரங்களோடு பொருத்தி ஆராய்ந்தபோதும் பருவத்தின் நீளம் முக்கிய அளவுகோலாக இருந்தது. இந்த அளவுகோல் பெரிய படத்துக்குப் பொருந்துகிறது. ஆண்டுக்கு 1000 மில்லிமீற்றர் அளவே மழை பெறும் மன்னார்க் கரையில் உடையும் விடத்தலும் நிறைந்த முட்காடு; அங்கிருந்து கிழக்கே வவுனியா, முல்லைத்தீவு நோக்கி வர மரங்கள் உயர்ந்து, மேல்விதானம் அடர்கிறது. மழையளவுக்கும் காட்டுக்கும் தொடர்பே இல்லை என்று எவரும் சொல்ல முடியாது.

ஆனால் அந்த விதி எங்கே தடுமாறுகிறது என்பதைக் கடலுக்கு அப்பால் பார்த்தால் விளங்கும். நீலகிரியின் அடிவாரத்தில் உள்ள முதுமலையில், சுகுமாரும் அவருடைய குழுவினரும் 1988 முதல் மரம் மரமாக எண்ணிக் கண்காணித்துவரும் 50 ஹெக்டயர் காட்டுத்துண்டு இருக்கிறது. அங்கும் மழை ஏறத்தாழ 1200 மில்லிமீற்றர்தான். அங்கே நிற்பவையோ தேக்கும் கருமருதும் வெக்காலியும். கோடையில் காடு முழுதும் இலை கொட்டி, தரையில் உயர்ந்த புல் காய்ந்து, தீ பிடிப்பது வழக்கம். அதே அளவு மழை பெறும் சோழமண்டலக் கரையில், புதுச்சேரியை அண்டிய கோயிற்காடுகளிலும் வேதாரணியத்துக் கோடியக்கரையிலும் பாலையும் வீரையும் காயாவும் பசுமை மாறாமல் நிற்கின்றன. 1968இல் இந்தியக் காடுகளை வகைப்படுத்திய சாம்பியனும் சேத்தும் இதைத் தனி வகையாகவே ஒதுக்கினார்கள். கோடியக்கரைக் காட்டின் மரப்பட்டியலையும் வன்னிக் காட்டின் மரப்பட்டியலையும் அருகருகே வைத்தால், பாக்குநீரிணை குறுக்கே கிடப்பது மறந்துபோகும். மழையளவு ஒன்றாக இருக்க, ஒரு பக்கம் இலையுதிர்காடும் மறுபக்கம் பசுமைக்காடும் நிற்பதானால், தீர்மானிப்பது அளவு ஆகாது. வேறொன்று இருக்க வேண்டும்.

அந்த வேறொன்றின் ஒரு பகுதி, மழை வரும் காலம். முதுமலைக்குப் பெரும்பங்கு மழை ஆனி முதல் ஐப்பசி வரை வருகிறது. வன்னிக்கும் சோழமண்டலக் கரைக்கும் பெருமழை கார்த்திகை, மார்கழியில் வருகிறது. வெயில் தணிந்து, வானம் மூடி, ஆவியாதல் ஆண்டிலேயே குறைந்திருக்கும் காலம் அது. பெய்யும் மழையில் உடனடியாக வானத்துக்குத் திரும்புவது குறைய, மண்ணுக்குள் இறங்குவது கூடுகிறது. மண் தன் கொள்ளளவுக்கு நிரம்பிய நிலையில் கோடை தொடங்குகிறது. நடுவில் சித்திரை மழை மேல்மண்ணை ஒருமுறை நனைத்துவிட்டுப் போகிறது. கடலை அண்டிய காற்றின் ஈரப்பதனும் இலைகள் இழக்கும் நீரை ஓரளவு மட்டுப்படுத்துகிறது. ஆண்டு முழுவதற்குமாக எடுத்துப் பார்த்தால் வன்னியில் ஆவியாகக்கூடிய நீர் பெய்யும் மழையை விஞ்சும். அதனால்தான் அது உலர் வலயம். ஆனால் மரத்துக்கு ஆண்டுக் கூட்டுத்தொகை பொருட்டல்ல. மாரி முடியும் நாளில் மண்ணில் இருக்கும் வைப்பு எவ்வளவு, அடுத்த மாரிவரை அது தாக்குப்பிடிக்குமா என்பதே அதன் கேள்வி.

மேடும் பள்ளமும்

காலநிலை முழு வன்னிக்கும் ஏறக்குறைய ஒன்று. காடு அப்படி ஒன்றாக இல்லை. ஒரே மழை பெறும் அரைக் கட்டை தூரத்துக்குள் குட்டையான பற்றைக்காடும், உயர்ந்த பாலைக்காடும், மருது நிற்கும் நீர்க்கரையும் மாறி மாறி வரும். இதை விளக்குவது மண்ணும் நிலச்சரிவும். வவுனியாவும் முல்லைத்தீவின் பெரும்பகுதியும் பழம்பாறை மீது அமைந்தவை; புவியியலாளர் அந்தப் பாறைத்தொகுதிக்கு வன்னித் தொகுதி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அப்பாறை உக்கி உருவான செங்கபில மண்தான் மேட்டு நிலத்து மண். மழையில் ஒட்டும், வெயிலில் கல்லாக இறுகும், பரல் கலந்திருக்கும், ஆழமும் இடத்துக்கிடம் வேறுபடும். உலர் வலய மண்களை ஆராய்ந்த பானபொக்கே எடுத்துக்காட்டியதுபோல, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்க இறங்க ஒரே பாறையிலிருந்து பிறந்த மண்ணே வேறு வேறு குணம் கொள்கிறது. மேட்டில் நீர் விரைவாக வடியும் சிவந்த மண். நடுச்சரிவில் ஓரளவு வடியும் மண். பள்ளத்தில் ஆண்டின் பெரும்பகுதி ஈரம் தேங்கும் சாம்பல் நிறக் களிமண். உயர வேறுபாடு சில பத்து மீற்றருக்கு மேற்போகாத இந்த அலையலையான சமவெளியில், மரத்துக்கு மன்னாருக்கும் முல்லைத்தீவுக்கும் உள்ள வேறுபாட்டைவிட மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள வேறுபாடு சில வேளை பெரிதாகிவிடுகிறது.

பழம்பாறை நிலத்தில் நிலத்தடி நீர் தங்குவது பாறைக்கு மேலே உக்கிக் கிடக்கும் படையில்தான். அதற்குக் கீழே வெடிப்புகளில் மட்டும் நீர் உண்டு. மாரி முடிந்ததும் கிணற்று நீர் மேலே நிற்கும். ஆவணி, புரட்டாதியில் அடிக்குப் போகும். அந்த ஏற்ற இறக்கத்தின் எல்லைக்குள் ஒரு மரத்தின் வேர் எட்டுமானால் அது இலையைத் தக்கவைக்கலாம். எட்டாத இடத்தில், பாறை மேலெழுந்த கலட்டியில், குட்டைப் பற்றையும் முட்செடிகளும் ஆட்சி செய்கின்றன. கிளிநொச்சியின் வடபகுதியிலும் மேற்கிலும் நிலை வேறு. அங்கே அடியில் கிடப்பது சுண்ணக்கல். சில இடங்களில் அதன்மேல் ஆழமான செம்மஞ்சள் லற்றசோல் மண். அது மணற்பாங்கானது, மழை விழுந்தவுடன் உள்ளே இறங்கிவிடும். மேற்பரப்பு வேகமாகக் காய்ந்தாலும் ஆழத்தில் ஈரம் நெடுநாள் நிற்கும். ஆழவேர் விடும் மரத்துக்கு இது நல்ல மண். ஆழம் போக நேரமில்லாத நாற்றுக்கு மோசமான மண். இப்படி ஒரே மழை, மண் மாறும்போது இரு வேறு வறட்சிகளாக மாறுகிறது. வெள்ளம் தேங்கி உப்பு ஏறிய தாழ்நிலங்களில் நீர் கூடிப்போவதே தடையாகிறது. அங்கே மரம் விலகிப் புல்லுத்தரவை இடம் பிடிக்கிறது. சுண்டிக்குளம், நந்திக்கடல், கொக்கிளாய்க் களப்புகளின் ஓரங்களில் உவர்நீரைத் தாங்கும் கண்டலும் தில்லையும் மட்டுமே நிலைக்கின்றன.

ஆற்றோரக் காடு இந்த வாதத்துக்குக் கைமேற் கிடைக்கும் சான்று. கனகராயனாற்றின் கரையில் மருதும் புங்கும் நாவலும் இலுப்பையும் உயர்ந்து நிற்க, கரையிலிருந்து சில நூறு மீற்றர் விலகினாலே அவை அற்றுப் பாலையும் வீரையும் வந்துவிடுகின்றன. இரண்டு இடத்துக்கும் மேகம் ஒன்று, காற்று ஒன்று, வெயில் ஒன்று. வேறுபடுவது மணலுக்கடியில் நீர் நிற்கும் ஆழம் மட்டுமே. மரத்தை வைத்து நீரை அறியும் அறிவு புதியதும் அல்ல. ஆறாம் நூற்றாண்டு வராகமிகிரரின் பிருகத் சம்கிதையில், மரங்களையும் கறையான் புற்றுகளையும் அடையாளமாகக் கொண்டு நிலத்தடி நீரைக் காண்பதற்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. அதன் கணிப்புகள் எல்லாம் பலிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மரம் நிற்கும் இடம் நீர் நிற்கும் ஆழத்தைக் காட்டும் என்ற அதன் அடிப்படை எண்ணத்தைத் தற்கால ஆய்வு மறுக்கவில்லை, அளந்து உறுதிசெய்திருக்கிறது.

மரங்கள் வறட்சியைக் கடக்கும் வழிகள்

அளந்து உறுதிசெய்தவற்றில் இரண்டு ஆய்வுகள் வன்னிக்கு நேரடியாகப் பொருந்துவன. கொஸ்டா றிக்காவின் குவானகாஸ்தே உலர்காட்டில் மரங்களை நெடுங்காலம் கவனித்த றொல்ஃப் போர்ச்சர்ட், 1994இல் தன் முடிவை வெளியிட்டார். மரங்கள் எப்போது இலை உதிர்க்கின்றன, எங்கே வளர்கின்றன என்பதை மண்ணில் உள்ள நீரும் தண்டில் சேமித்த நீரும் சேர்ந்து தீர்மானிக்கின்றன என்பது அது. ஈரமான தாழ்நிலத்தில் பசுமை மாறா மரங்கள். காய்ந்த சரிவில், மென்மையான தண்டில் நீர் சேமித்து இலையில்லாமலே பூக்கும் மரங்கள், நீர் சேமிக்க முடியாமல் வறண்டுபோகும் வன்மரங்கள் என்று ஒரே காலநிலைக்குள் பல உத்திகளை அவர் காட்டினார். அதே 1994இல் டானியல் நெப்ஸ்டட்டும் கூட்டாளிகளும் கிழக்கு அமேசனில், ஐந்து மாதம் வரை வறட்சி நீளும் பகுதியில், காடு பசுமையாக நிற்பதன் இரகசியம் எட்டு மீற்றருக்கும் கீழே போகும் வேர்கள் என்று கண்டார்கள். மேல்மண்ணை மட்டும் அளந்து காடு வறண்டுவிட்டது என்று முடிவு கட்டியவர்கள் பாதி நிலத்தை அளக்காமலே விட்டிருந்தார்கள்.

வன்னி மரங்களிடமும் இப்படிப் பல உத்திகளைக் காணலாம். பாலை, வீரை, காயா ஆகியவற்றின் இலைகள் தடித்தவை, தோல்போன்றவை. நீரிழப்பைச் சுருக்கி, ஆண்டு முழுவதும் வேலை செய்யக் கூடியவை. முதிரை கோடையில் இலையைக் கைவிட்டுச் செலவைக் குறைக்கிறது. மருது செலவைக் குறைப்பதில்லை. நீர் உள்ள இடத்தை விட்டு நகர்வதில்லை என்பதே அதன் வழி. ஒவ்வொரு வழிக்கும் விலை உண்டு, அந்த விலை வளர்ச்சி வேகத்தில் தெரிகிறது. வேரிலிருந்து இலைவரை மரத்துக்குள் நீர் அறுபடாத தொடராக ஏறுகிறது. மண் காய்ந்து இழுவை கூடும்போது அத்தொடர் அறுந்து, குழாய்களுக்குள் காற்றுக் குமிழி புகுந்துவிடும். குறுகிய குழாய்களும் தடித்த சுவர்களும் கொண்ட மரம் இந்த ஆபத்தைக் கூடுதலாகத் தாங்கும். ஆனால் அப்படிப்பட்ட கட்டையைக் கட்டியெழுப்ப ஆண்டுகள் பிடிக்கும். குறுகிய குழாயில் நீரும் மெதுவாகவே ஏறும். தண்ணீரில் அமிழும் கருங்காலியின் கனமும், தண்டவாளத்துக்குச் சிலிப்பர் கட்டையாகப் போன பாலையின் உறுதியும் இங்கிருந்து வருகின்றன. தண்டு பருப்பது பெரும்பாலும் மாரியிலும் அதை ஒட்டிய மாதங்களிலுந்தான். கோடையில் பல மரங்களின் தண்டு நீரிழந்து சிறிதளவு சுருங்கவும் செய்யும். ஈர வலயத்துச் சிங்கராஜா மரங்களின் உயரத்தை வன்னி மரம் எட்டாததற்கும், ஒருமுறை வெட்டிய பாலைக்காடு ஒரு மனித ஆயுளுக்குள் பழைய நிலைக்குத் திரும்பாததற்கும் காரணம் இதுவே. வன்னியின் வைரமரங்களைச் செதுக்கியது கோடையின் நீர்ப்பஞ்சம்.

தண்ணீர்தானா காரணம்?

இந்த வாதத்துக்கு மூன்று தடைகள் எழுகின்றன, மூன்றுமே கனதியானவை. முதலாவது பனாமாவிலிருந்து வருகிறது. அங்குள்ள பறோ கொலறாடோ தீவில் 1980களின் பிற்பகுதியில் ஜோசப் றைட்டும் கூட்டாளிகளும் காட்டுத்துண்டுகளுக்கு வறட்சிக் காலம் முழுவதும் நீர் பாய்ச்சிப் பார்த்தார்கள். மண் ஈரமாகவே இருந்தும், பெரும்பாலான மர இனங்கள் இலை உதிர்த்த காலம் மாறவில்லை. மண்ணீர்தான் காரணம் என்றால் இது எப்படி? இதற்கு விடை அந்த இடத்தின் தன்மையிலேயே இருக்கிறது. பறோ கொலறாடோவில் ஆண்டு மழை 2600 மில்லிமீற்றர் அளவு, ஆழமண் நீர் பாய்ச்சாமலே ஈரமாக இருந்திருக்கக் கூடியது. அங்கே மேல்மண்ணை நனைத்தது மரத்துக்கு ஏற்கெனவே இருந்ததைக் கூட்டியதேயன்றி இல்லாததைக் கொடுத்ததாகாது. ஒன்றை மட்டும் அந்தப் பரிசோதனை உறுதியாக நிறுவுகிறது: இலை உதிர்வைக் காற்றின் வறட்சியும் ஒளியின் அளவும் இனத்தின் உள்ளார்ந்த ஒழுங்கும் கூடத் தூண்டலாம். வன்னியில் சோளகம் தனியாகவே இலையை வாட்டக்கூடியது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஆகவே நீர் ஒன்றே காரணம் என்ற கூற்று மிகை. எந்த மரம் எங்கே நிலைக்கும் என்ற கேள்விக்கு நீரே முதற்காரணம் என்ற கூற்றை அந்தப் பரிசோதனை தொடவில்லை. ஏனெனில் அது ஐந்து கோடைகளின் இலையைப் பார்த்தது, ஐந்து தலைமுறை மரங்களின் பரம்பலைப் பார்க்கவில்லை.

இரண்டாவது தடை ஆபிரிக்காவிலிருந்து வருகிறது, அதுவே வலியது. மகேஷ் சங்கரனும் பலரும் சேர்ந்து 2005இல் ஆபிரிக்கப் புல்வெளிகளின் நூற்றுக்கணக்கான இடங்களை ஒப்பிட்டார்கள். ஆண்டு மழை ஏறத்தாழ 650 மில்லிமீற்றருக்குக் குறைந்த இடங்களில்தான் மழை மர அடர்த்திக்கு எல்லை கட்டுகிறது. அதற்கு மேல் மரம் எங்கும் மூடிவிடலாம், மூடாமல் தடுப்பது தீயும் மேய்ச்சலுமே என்பது அவர்கள் முடிவு. 2011இல் ஸ்டேவர், ஹிறோட்டா ஆகியோரின் தனித்தனி ஆய்வுகளும், இடைத்தர மழைப் பகுதிகளில் ஒரே காலநிலையில் காடும் புல்வெளியும் மாற்று நிலைகளாக நிலைக்கலாம் என்று காட்டின. வன்னி அந்த இடைத்தரத்தில் விழுகிறது. அப்படியானால் இங்கு காட்டின் தோற்றத்தை முடிவு செய்வது சேனையும் தீயும் கோடரியுமே, நீர் பின்னணி மட்டுமே என்று ஒருவர் வாதிடலாம். வரலாறும் அவர் பக்கம் சாய்வதுபோலத் தோன்றும். 1895இல் ஜே.பி. லூயிஸ் எழுதிய வன்னி மாவட்டக் கையேடும், 1909இல் வெளியான ஹென்றி பார்க்கரின் பழைய இலங்கை பற்றிய நூலும் காட்டுக்குள் உடைந்து கிடந்த குளங்களைப் பேசுகின்றன. இன்று அடர்காடாகத் தெரிவதன் பெரும்பகுதி ஒரு காலத்தில் வயலாக, ஊராக, சேனையாக இருந்த நிலம். அதன்பின் பிரித்தானியர் காலத்தில் முதிரையும் கருங்காலியும் பாலையும் தேடித்தேடி வெட்டப்பட்டன. 1905இல் யாழ்ப்பாண இரயில்பாதை முழுமையானபோது வன்னியின் நடுவே ஒரு வெட்டுக்கோடு விழுந்தது. போரும் இடப்பெயர்வும் மீள்குடியேற்றமும் அண்மைய அடுக்குகள்.

இத்தனையும் உண்மை, ஆனால் இவை வாதத்தை முறிக்கவில்லை, கூர்மையாக்குகின்றன. முதலாவதாக, முதுமலையிற் காணும் உயர்ந்த புற்படுக்கை வன்னியின் பசுமைக்காட்டுக்குள் இல்லை. மேல்விதானம் மூடிய இடத்தில் ஒளி தரைக்கு எட்டாது, புல் வளராது, தீ ஓடாது. தீக்கு வழிவிடாத அந்த மூடிய விதானத்தைக் காப்பது கோடையிலும் எட்டும் ஆழநீர். ஆகவே தீயின் ஆட்சி எல்லையையே நீர்தான் வரைகிறது. இரண்டாவதாக, மனிதன் வெட்டிய பின் நிலம் எங்கே எவ்வளவு விரைவாக மீளுகிறது என்பது மீண்டும் நீரையே பொறுத்திருக்கிறது. கைவிட்ட குளத்தின் கீழ், ஈரம் நிற்கும் பழவயலில் மரம் விரைவாக எழும்பும். அதே காலத்தில் கைவிட்ட மேட்டுச் சேனையில், மண் இறுகி மேற்படை கழுவப்பட்ட இடத்தில், சூரையும் ஈச்சும் விடத்தலும் பல ஆண்டுகள் பற்றையாகவே நின்றுவிடும். கோடரி தொடக்கத்தை முடிவு செய்கிறது; அதன்பின் வருவதை நீர் முடிவு செய்கிறது.

குளமும் காடும் ஒரே கணக்கு

மூன்றாவது தடை காரணகாரியத்தைத் தலைகீழாக்குகிறது: நீர் காட்டை உருவாக்குகிறது என்பதைவிட, காடு நீரை உருவாக்குகிறது என்பதுதான் உண்மை என்று. காட்டை அழித்தால் மழை போய்விடும், குளம் வற்றிவிடும் என்பது மேடைகளிலும் பாடப்புத்தகங்களிலும் ஊறிய நம்பிக்கை. வன்னிக்கு மழை தருவது வங்காள விரிகுடாவிலிருந்து வரும் பருவக்காற்றும் தாழமுக்கங்களும். சில மாவட்டங்களின் காடு அதன் அளவைப் பெரிதாக மாற்ற முடியாது. ஓடிவரும் நீரைப் பற்றிய சான்றோ நம்பிக்கைக்கு நேர்மாறாக இருக்கிறது. 1982இல் பொஷ், ஹியூலற் இருவரும் உலகெங்கும் நடந்த 94 நீரேந்துப் பரிசோதனைகளைத் தொகுத்தபோது, மரங்களை நீக்கிய பின் ஓடிவரும் நீரின் மொத்த அளவு பொதுவாகக் கூடியதையே கண்டார்கள். மரமும் நீர் குடிக்கிறது; ஆழவேர் மரம் கூடுதலாகக் குடிக்கிறது. இதைக் கேட்டு, குளம் நிறைய வேண்டுமானால் காட்டை வெட்டலாம் என்று முடிவு செய்தால் அது இன்னொரு தவறு. கூடுதலாக வரும் நீர் மாரிவெள்ளமாக, மண்ணை வாரிக்கொண்டு வரும். குளம் தூர்ந்து, கொள்ளளவு குறைந்து, வான் வழியே நீர் கடலுக்குப் போகும். புர்க்கினா பாசோவில் ஆராய்ந்த இல்ஸ்டெட் முதலியோர் 2016இல் ஒரு நடுவழியைக் காட்டினார்கள்: பருவ வறட்சிப் பகுதிகளில், மரமே இல்லாத நிலத்தையும் மிக அடர்ந்த மரநிலத்தையும் விட, இடைத்தர மர அடர்த்தி உள்ள நிலத்தில்தான் நிலத்தடி நீர் கூடுதலாக ஊறுகிறது. வேர்களும் உக்கிய இலையும் மண்ணைத் திறந்து நீரை உள்ளே விடுகின்றன. மரங்கள் அளவோடு இருந்தால் குடிப்பதைவிட ஊறுவது மிஞ்சுகிறது.

வன்னியில் இந்தக் கணக்கை இன்னும் சிக்கலாக்குவது குளம். உலர் வலயக் குளங்கள் தனித்தனியானவை அல்ல, ஒரே சிற்றாற்று வடிநிலத்தில் ஒன்றன் வடிநீரை அடுத்தது வாங்கும் தொடர்கள் என்பதை 1985இல் மத்தும பண்டார எடுத்துக்காட்டினார். மாரியில் ஓடிப்போக வேண்டிய நீரைக் கட்டு மறிக்கிறது. துருசைத் திறந்து வயலுக்கு விடுவது ஒரு பங்கு. வெயிலுக்குப் போவது ஒரு பங்கு. மண்ணுக்குள் கசிந்து சுற்றுப்புறக் கிணறுகளை உயர்த்துவது இன்னொரு பங்கு. அந்தக் கசிவு கட்டுக்குக் கீழேயுள்ள மரங்களுக்கும், அலைகரையின் மருதுக்கும் நாவலுக்கும் கோடைநீராகிறது. இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு போன்ற பெருங்குளங்கள் முதல் காட்டுக்குள் கிடக்கும் பெயரறியா மோட்டைகள் வரை, ஒவ்வொன்றும் மாரியின் ஈரத்தைக் கோடைக்குள் இழுத்துச் செல்லும் பொறி. உடைந்த குளமும் ஓரளவுக்கு இதைச் செய்கிறது. தூர்ந்த அடியில் களி படிந்து ஈரம் தங்க, சுற்றிலும் உயர்காடு எழும்புகிறது. எனவே வன்னிக் காட்டை மனிதக் கை படாத கன்னிக்காடு என்று போற்றுவதும், மனிதன் கெடுத்த காடு என்று மட்டும் பார்ப்பதும் ஒருதலைப்பட்சம். அதன் நீர்நிலைமையிலேயே பழைய குளக்கட்டுகளின் பங்கு கலந்திருக்கிறது. காட்டைக் காக்க வேண்டுமானால் குளத்தொடரையும், குளத்தைக் காக்க வேண்டுமானால் அதன் நீரேந்து காட்டையும் சேர்த்தே காக்க வேண்டும் என்பது இதிலிருந்து வரும் முடிவு.

இந்தப் பார்வையால் மாறவேண்டியவை

முதலில் மாறவேண்டியது மரநடுகை. பல பதிற்றாண்டுகளாக உலர் வலயத்தில் மீள்காடாக்கம் என்றால் தேக்கும் யூக்கலிப்ரசும் என்றே இருந்தது. இரண்டும் வன்னிக் காட்டின் மரங்கள் அல்ல. தேக்கு கோடையில் முழுதாக இலை கொட்டி, தரையை வெயிலுக்கும் தீக்கும் திறந்துவிடுகிறது. யூக்கலிப்ரசு மண்நீரைத் தாராளமாகச் செலவழிக்கிறது. அதைவிடப் பெரிய குறை, மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஒரே மரத்தை ஒரே இடைவெளியில் நடுவது. பள்ளத்தில் மருதும் நாவலும், நடுச்சரிவில் சாவண்டலையும் விண்ணாங்கும், மேட்டில் பாலையும் முதிரையும் என்று இடமறிந்து நட்டால் நாற்றுகள் தப்பும் வாய்ப்புக் கூடும். நடும் காலமும் அப்படித்தான். வேர் ஆழம் போவதற்கு ஒரு முழு மாரி தேவை. மார்கழியில் விழா வைத்து நடும் கன்றுக்குக் கிடைப்பது அரை மாரியே.

அடுத்தது காணிப் பிணக்கு. போர்க்காலத்தில் மக்கள் விட்டுச் சென்ற வயல்களிலும் மேட்டுக்காணிகளிலும் பற்றையும் மரமும் மூடின. திரும்பி வந்தவர்கள் தங்கள் காணி வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல்லுக்குள் அகப்பட்டிருப்பதைக் கண்டு முறையிட்டது வன்னி எங்கும் நடந்தது. வான்படத்தில் பச்சையாகத் தெரிவதைக் காடு என்றும், பற்றையாகத் தெரிவதைத் தரிசு என்றும் கொள்ளும் முறை இரு பக்கமும் பிழை செய்யும். ஈரமான பழவயலில் இருபது ஆண்டில் எழுந்த இளங்காடு வானிலிருந்து அடர்காடாகத் தெரியும். மேட்டில் நூறு ஆண்டு நின்ற குட்டையான பாலைக்காடு தரமிழந்த பற்றையாகத் தெரியும். முன்னதைக் காணிக்காரருக்குத் திருப்பிக் கொடுப்பதால் இழப்பது மீண்டும் விரைவாக வளரக்கூடியது. பின்னதை வெட்டுவதால் இழப்பது திரும்ப வராதது. மண்ணையும் நீர்மட்டத்தையும் மர இனத்தையும் பார்த்து எல்லை வகுத்தால், மக்களின் உரிமையும் காட்டின் உயிரும் ஒன்றையொன்று முட்டவேண்டிய இடங்கள் பெரிதும் குறையும்.

மூன்றாவது, மாறிவரும் மழை. 2016இன் மாரி பொய்த்து 2017இல் நாடு கண்ட கடும் வறட்சியும், 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவை மூழ்கடித்து இரணைமடுவின் கதவுகளைத் திறக்கவைத்த பெருமழையும் இரண்டே ஆண்டு இடைவெளியில் வந்தவை. அவற்றின் சராசரியை எடுத்தால் ஒன்றும் நடக்காததுபோலத் தோன்றும். மரத்துக்கு நடந்தது சராசரியில் தெரியாது. சில நாளில் கொட்டித்தீரும் மழையில் பெரும்பகுதி ஓடிவிடும், மண்ணின் வைப்பு நிரம்பாது. முதுமலையின் நெடுங்காலப் பதிவுகள் காட்டும் இன்னொன்றையும் மறக்கக்கூடாது: வறட்சியின் பாதிப்பு அந்த ஆண்டிலேயே முடிவதில்லை, மரச்சாவு பின்னைய ஆண்டுகளிலும் தொடரலாம். கோடையில் பச்சையாக நிற்கிறது என்பதால் மட்டும் காடு நலமாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஆழநீர் தீரும்வரை பச்சை தெரியும், தீர்ந்த பின் ஒரேயடியாக வாடும்.

அதனால் வன்னிக் காட்டின் நலத்தை அளக்க ஆண்டு மழைப் பதிவேடோ வான்படமோ தனியே போதாது. புரட்டாதியில், கோடையின் கடைசியில், காட்டோரக் கிணறுகளிலும் குளங்களைச் சுற்றியும் நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்பதை ஆண்டுதோறும் அளந்து, அதை நிலத்தின் மேடுபள்ளத்தோடும் நிற்கும் மரங்களோடும் பொருத்திப் பதிய வேண்டும். நீர்ப்பாசனத் திணைக்களம் குளத்தின் மட்டத்தைப் பார்க்கிறது. வனவளத் திணைக்களம் மரத்தைப் பார்க்கிறது. கமநல அதிகாரிகள் வயலைப் பார்க்கிறார்கள். மூன்றுக்கும் பொதுவான எண் கோடைக் கடைசியின் நிலநீர் மட்டமே. வன்னியின் காடு வறண்ட நாட்டுக் காடாக இருந்தும் பசுமையாக நிற்பது அந்த மட்டத்தின் தயவில். அதை அளக்காமல் காட்டுக்குத் திட்டம் போடுவது, மழையை மட்டும் எண்ணிக்கொண்டு நீரை விட்டுவிடுவதாகும்.